உண்ணும் கல்லறை: ஹாலோவீன் அடுக்குப் புட்டிங்கின் வரலாறு

அக்டோபர் 31 அன்று அமெரிக்க வீடுகளிலும் தொடக்கப்பள்ளி வகுப்பறைகளிலும் குழந்தைகளுக்கு வழங்கப்படும் இனிப்புகளுள் ஒன்றுக்கு ‘மண் கோப்பை’ என்று பெயர். உள்ளிருப்பது வெளியே தெரியும் நெகிழிக் கோப்பை ஒன்றின் அடியில் நொறுக்கிய கறுப்புப் பிஸ்கட்டைப் பரப்புவார்கள். அதன்மேல் சாக்லேட் புட்டிங்கும் நுரைத்த வெண்கிரீமும் கலந்த அடுக்கு. அதற்கும் மேலே மீண்டும் பிஸ்கட் தூள். அந்தத் தூளிலிருந்து தலைநீட்டும் மிட்டாய்ப் புழு ஒன்று, நட்டு வைத்த நீள்வட்டப் பிஸ்கட் ஒன்று. பிஸ்கட்டின் மீது சாக்லேட் குழம்பால் ‘ஆர்.ஐ.பி.’ என்ற மூன்று எழுத்துகள். கோப்பைக்குப் பதில் அகன்ற தட்டில் செய்தால் அது முழு இடுகாடாகிவிடும். அடுப்பு வேண்டியதில்லை, ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் போதும். எட்டு வயதுக் குழந்தையும் செய்துவிடலாம்.

இத்தகைய பண்டத்தை வரலாற்று ஆய்வின் பொருளாகக் கொள்வது சிலருக்கு விளையாட்டாகத் தோன்றக்கூடும். ஆயினும் இரண்டு காரணங்கள் இதைக் கவனத்துக்கு உரியதாக்குகின்றன. முதலாவது, இது இறந்தோர் நாளை ஒட்டி உண்ணப்படும் உணவு. ஐரோப்பாவில் ஓராயிரம் ஆண்டுகளாக அந்நாளில் உண்டவையும் கொடுத்தவையும் இறந்தோர்க்கும் இருப்போர்க்கும் இடையிலான உறவைத் தாங்கி நின்றவை. இரண்டாவது, இதன் ‘எளிமை’ இயல்பாக வந்ததன்று. ஒன்றரை நூற்றாண்டுத் தொழில்துறை வேதியியலும், குடிபெயர்வும், போர்க்காலப் பங்கீடும், ஊர் முழுவதும் பரவிய ஓர் அச்சமும் சேர்ந்து அந்த எளிமையை உருவாக்கின. அகழாய்வுக் குழியின் மண்ணடுக்குகளைப் போல இக்கோப்பையின் ஒவ்வோர் அடுக்குக்கும் காலம் குறிக்க முடியும்.

முதலில் நாளைப் பற்றி. ஹாலோவீன் என்ற சொல்லுக்கு ‘புனிதர் அனைவர் திருநாளின் முன்மாலை’ என்பது பொருள். நவம்பர் 1 புனிதர் அனைவருக்கும் உரிய நாளாக 9-ஆம் நூற்றாண்டில் பிராங்கியப் பேரரசில் நிலைபெற்றது. நவம்பர் 2-ஐ இறந்த விசுவாசிகள் அனைவருக்குமான வேண்டுதல் நாளாக 10-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் குளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ ஏற்படுத்தினார். இவற்றுக்கு முன்பே அயர்லாந்தில் ‘சாவின்’ என்ற பருவ விழா இருந்தது. கோடை முடிந்து, மேய்ச்சல் நிலத்திலிருந்து கால்நடைகள் ஊர் திரும்பி, குளிர்காலம் தொடங்கும் எல்லைநாள் அது. ஹாலோவீன் முழுவதுமே மாறாமல் வந்த கெல்டியப் பழஞ்சமயம் என்ற கூற்று இன்று பரவலாக வழங்குகிறது. பிரித்தானியச் சடங்காண்டைப் பற்றி 1996-இல் விரிவான நூல் எழுதிய ரொனால்ட் ஹட்டன் அக்கூற்றை ஐயத்துடன் அணுகினார். சாவின் நாளில் இறந்தோர் வழிபாடு நடந்ததற்கான பழஞ்சான்றுகள் மிகக் குறைவு என்பதும், இறந்தோரோடு அந்நாளுக்குள்ள தொடர்பு பெரும்பாலும் கிறித்தவ நாட்காட்டியின் வழியே வந்தது என்பதும் அவர் வாதம். புட்டிங்கின் வரலாற்றுக்கு இந்த எச்சரிக்கை முக்கியமானது. இந்நாளின் உணவுகள் எந்தச் சமயக் கருத்தின் விளைவு என்பதை அது தெளிவாக்குகிறது.

அந்தக் கருத்து, உத்தரிக்கிற தலம். இறந்தவரின் ஆன்மா விண்ணகம் சேருமுன் தூய்மை பெறும் இடைநிலை அது. இருப்போரின் செபமும் ஈகையும் அங்குள்ள ஆன்மாவின் துன்பத்தைக் குறைக்கும் என்பது இடைக்கால நம்பிக்கை. இந்நம்பிக்கையிலிருந்து பிறந்ததே ஆங்கிலேய ‘ஆன்ம அடை’. சாதிக்காய், லவங்கப்பட்டை, இஞ்சி, உலர்திராட்சை சேர்த்துச் சுட்ட சிறிய வட்ட அடை. மேலே சிலுவைக் கீறல். வறியவர்களும் சிறுவர்களும் வீடுவீடாகச் சென்று அதைப் பெற்றுக்கொண்டு, அவ்வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டினார்கள். இங்கே கொடுப்பவர், பெறுபவர், இறந்தவர் ஆகிய மூவரும் ஓர் உடன்படிக்கைக்குள் நின்றனர். அடை கூலியுமன்று, பிச்சையுமன்று. இறந்தவருக்கு அனுப்பும் உதவியைச் சுமந்து செல்வதற்கான ஊடகம் அது.

16-ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தம் இங்கிலாந்தில் உத்தரிக்கிற தலக் கோட்பாட்டை மறுத்தது. கோட்பாடு போயிற்று, அடை போகவில்லை. செஷயர், ஷ்ராப்ஷயர் போன்ற மேற்கு மாவட்டங்களில் அடை கேட்டுப் பாடிச் செல்லும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலும் இருந்ததை நாட்டார் வழக்காற்றுச் சேகரிப்பாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஆனால் அப்போது அடை வாங்கிய சிறுவர்கள் யாருக்காகவும் வேண்டவில்லை. சடங்கின் உட்பொருள் கழன்றபின் அதன் உடல் மட்டும் நடமாடியது. கத்தோலிக்க மரபு தொடர்ந்த இடங்களில் நிலைமை வேறு. தமிழகக் கத்தோலிக்கர் நவம்பர் 2-ஐக் கல்லறைத் திருநாள் என்கின்றனர். அன்று கல்லறைகளைத் துப்புரவு செய்து, வெள்ளையடித்து, மாலை சூட்டி, மெழுகுவத்தி ஏற்றி, பெயர் சொல்லி வேண்டுகின்றனர். பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தின் மெழுகுவத்தியும் ஓஹியோ வகுப்பறையின் புட்டிங் கோப்பையும் ஒரே நாட்காட்டி வேரிலிருந்து பிரிந்த இரு கிளைகள்.

அயர்லாந்தில் இந்நாளின் உணவு எதிர்காலத்தை நோக்கித் திரும்பியது. ‘பார்ம்பிராக்’ என்னும் உலர்பழ ரொட்டிக்குள் மோதிரம், காசு, கந்தல் துணி ஆகியவற்றை மறைத்துச் சுட்டனர். மோதிரம் கிடைத்தவருக்குத் திருமணம், காசு கிடைத்தவருக்குச் செல்வம், துணி கிடைத்தவருக்கு வறுமை என்பது குறி. உருளைக்கிழங்கும் கோசும் மசித்த ‘கால்கேனன்’ உணவிலும் மோதிரம் ஒளிந்திருந்தது. ஸ்காட்லாந்தில் கோசுத் தண்டைப் பிடுங்கியும், கொட்டைகளைக் கணப்பில் சுட்டும் வருங்காலத் துணையைக் கணித்ததை 1786-இல் வெளிவந்த ராபர்ட் பர்ன்ஸின் ‘ஹாலோவீன்’ என்ற நெடும்பாடல் விவரிக்கிறது. உணவுக்குள் ஏதோ ஒன்று புதைந்திருக்கும், உண்பவர் தோண்டி எடுக்க வேண்டும் என்ற அமைப்பு அப்போதே இருந்தது. புட்டிங்கில் புதைந்த புழுவுக்கும் ரொட்டியில் புதைந்த மோதிரத்துக்கும் நேரடி வழித்தொடர்பு இருந்ததாகக் கூறுவதற்கில்லை. ஆனால் இரண்டிலும் உண்பவரை ஈர்க்கும் விசை ஒன்றே.

1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தை அடுத்துப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அயர்லாந்து மக்கள் அமெரிக்கக் கண்டத்தை அடைந்தனர். அவர்களோடும் ஸ்காட்லாந்துக் குடியேறிகளோடும் ஹாலோவீன் கடல் கடந்தது. டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கு அங்கே பரங்கிக்காய் விளக்காயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விழா நடுத்தர வர்க்க வீடுகளின் விருந்தாக மாறியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டென்னிசன் நிறுவனம் தன் வண்ணச் சுருக்கத்தாள்களை விற்பதற்காக 1909 முதல் ஹாலோவீன் அலங்காரக் கையேடுகளை வெளியிட்டது. ஒரு விழாவை எப்படிக் கொண்டாட வேண்டும் என்பதை, அவ்விழாவுக்கான பொருளை விற்கும் நிறுவனமே கற்பித்தது. இதே முறையைப் பின்னர் உணவு நிறுவனங்களும் பின்பற்றின. புட்டிங் பொட்டலத்தின் முதுகில் அச்சிட்ட செய்முறை டென்னிசன் கையேட்டின் வாரிசு.

வேடமிட்டுக் கதவைத் தட்டி இனிப்புக் கேட்கும் வழக்கம் 1920களில் கனடாவிலும் 1930களில் அமெரிக்காவிலும் செய்தித்தாள்களில் இடம்பெறத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் அதை இடைமறித்தது. 1942 முதல் 1947 வரை அமெரிக்காவில் சர்க்கரைக்குப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. பங்கீடு நீங்கியபின், புறநகர்க் குடியிருப்புகள் பெருகிய காலத்தில், வீடுவீடாக இனிப்புப் பெறுவது நாடு தழுவிய வழக்கமாயிற்று. 1950களில் கதவுக்கு வந்த குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வீட்டில் செய்த பண்டமே கிடைத்தது: சோளப்பொரி உருண்டை, சர்க்கரைப்பாகு பூசிய ஆப்பிள், குக்கி, கொட்டைகள். ஆன்ம அடையின் கடைசி உறவினர்கள் இவை. அண்டை வீட்டார் தம் கையால் செய்ததை, யார் பெற்ற பிள்ளையென்று கேளாமல் கொடுத்தனர்.

இனிக் கோப்பையின் அடுக்குகள். முதன்மையானது புட்டிங். பிரித்தானிய ஆங்கிலத்தில் இச்சொல் உணவின் இறுதியில் வரும் எந்த இனிப்பையும் குறிக்கும். அமெரிக்காவில் அது பாலும் மாச்சத்தும் சேர்ந்து இறுகிய குழைவை மட்டுமே சுட்டும். பழைய முறையில் பாலை இறுக்கியது முட்டையின் மஞ்சட்கரு. தீ சற்று மிகுந்தாலும் திரிந்துவிடும். கிளறும் கை தேர்ந்ததாக இருக்க வேண்டும். பர்மிங்ஹாமைச் சேர்ந்த வேதியியலாளர் ஆல்ஃபிரட் பேர்ட், தம் மனைவிக்கு முட்டை ஒவ்வாமல் போனதால், 1837-இல் சோளமாவைக் கொண்டு முட்டையில்லாக் கஸ்டர்ட் தூளை உருவாக்கினார். அமெரிக்காவில் தாமஸ் கிங்ஸ்ஃபோர்டு 1840களில் மக்காச்சோளத்திலிருந்து மாச்சத்தைப் பெருமளவில் பிரித்தெடுத்தார். துணிகளுக்குக் கஞ்சி போடப் பயன்பட்ட அது விரைவிலேயே சமையலறைக்குள் நுழைந்தது. இந்தியக் குடும்பங்கள் பழக்கலவையில் ஊற்றும் கஸ்டர்ட் பவுடரும் இம்மரபைச் சேர்ந்ததே. முட்டையின் இடத்தை மாவு பிடித்தது முதல் எளிமை.

இரண்டாவது எளிமை, தீயை நீக்கியது. நியூயார்க் மாநிலத்தின் லீராய் ஊரில் 1897-இல் பேர்ல் வெயிட் சுவையூட்டிய ஜெலட்டின் தூளுக்கு ‘ஜெல்-ஓ’ என்ற பெயரிட்டு விற்றார். இரண்டாண்டுகளில் அதன் உரிமையை 450 டாலருக்கு ஆரேட்டர் உட்வர்டு வாங்கினார். விளம்பரச் செய்முறைக் கையேடுகளால் அது வீட்டுப் பெயராயிற்று. பின்னர் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்த அப்பெயரில் 1930களில் காய்ச்சிச் செய்யும் புட்டிங் தூளும், 1950களின் தொடக்கத்தில் காய்ச்சாமலே இறுகும் இன்ஸ்டன்ட் புட்டிங்கும் வெளிவந்தன. மாச்சத்துத் துகள் நீரை ஈர்த்து உப்பிக் கெட்டிப்படுவதற்கு வெப்பம் வேண்டும். தொழிற்சாலையிலேயே அதை வேகவைத்து உலர்த்திப் பொடித்துவிட்டால், குளிர்ந்த பாலிலும் அது உப்பும். உடன் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகள் பாலின் கேசீன் புரதத்தை இறுகச் செய்யும். சோயாப் பாலில் இத்தூள் சரிவர இறுகாமைக்குக் காரணம் இதுவே. இறுகுவதற்கு வேண்டிய கேசீன் அதில் இல்லை. சுமார் 110 கிராம் தூள், இரண்டு கப் குளிர்ந்த பால், இரண்டு நிமிடக் கடைசல், ஐந்து நிமிடக் காத்திருப்பு. சமையல் நடந்து முடிந்தது. ஆனால் அது நடந்த இடம் வீடன்று.

வெண்கிரீம் அடுக்குக்கும் இதே கதை. கடைந்த பாலாடை வெப்பத்தில் தளரும், நேரம் சென்றால் நீர்விடும். 1966-இல் ஜெனரல் ஃபுட்ஸ் அறிமுகப்படுத்திய ‘கூல் விப்’ பெரும்பாலும் நீரும் சர்க்கரைப்பாகும் கெட்டிப்படுத்திய தாவர எண்ணெயும் கொண்ட உறைநுரை. வீட்டுக்கு வீடு உறைபெட்டி வந்தபின்பே அது சாத்தியமாயிற்று. அடுக்கும் முறையோ மிகப் பழையது. ஒயினில் நனைத்த பிஸ்கட், அதன்மேல் கஸ்டர்ட், அதன்மேல் நுரைத்த பாலாடை என அடுக்கிய ‘டிரைஃபிள்’ 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலேயச் சமையல் நூல்களில் இடம்பெற்றுவிட்டது. அடுக்குகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பரிமாறினர். செல்வர் விருந்தின் கண்ணாடிக் கிண்ணம் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தூக்கியெறியும் நெகிழிக் கோப்பையாகியது.

மண்ணை மண்ணாகக் காட்டுவது கறுப்புப் பிஸ்கட். 1908-இல் ‘ஹைட்ராக்ஸ்’, 1912-இல் அதற்குப் போட்டியாக நியூயார்க்கின் நபிஸ்கோ ஆலையில் ‘ஓரியோ’ என இரு கிரீம் பிஸ்கட்டுகள் பிறந்தன. கோகோவைக் காரப்பொருளால் பதப்படுத்தினால் அதன் துவர்ப்புக் குறைந்து நிறம் கருக்கும். இம்முறையை 19-ஆம் நூற்றாண்டில் டச்சு நாட்டு வான் ஹூட்டன் நிறுவனம் பரப்பியது. அம்முறையை மிகுதியாகக் கையாண்ட கோகோவே ஓரியோவின் கருமைக்குக் காரணம். சாதாரண சாக்லேட் பிஸ்கட்டை நொறுக்கினால் பழுப்புத் தூள் கிடைக்கும். இதை நொறுக்கினால் ஈரக் கரிசல் மண்ணின் நிறம் கிடைக்கும். நடுகல்லாக நிற்கும் நீள்வட்டப் பிஸ்கட் பெரும்பாலும் பெப்பரிட்ஜ் ஃபார்ம் நிறுவனம் 1956-இல் வெளியிட்ட ‘மிலானோ’.

காலக்கணிப்பை உறுதி செய்வது புழு. ஜெலட்டின் மிட்டாய்க் கரடியை ஹரிபோ நிறுவனத்தார் 1922-இலேயே ஜெர்மனியில் செய்திருந்தனர். ஆனால் புழு வடிவ மிட்டாயை டிரோலி நிறுவனம் 1981-இல்தான் அறிமுகப்படுத்தியது. அருவருப்பையே விற்பனைப் பொருளாக்கிய மிட்டாய் அது. ஆகவே புழுவோடு கூடிய மண் புட்டிங் 1981-க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. பானையோட்டைக் கொண்டு மண்ணடுக்கின் காலத்தைக் கணிக்கும் அதே தருக்கம் இங்கும் பொருந்தும். மேல் அடுக்கிலுள்ள இளைய பொருளே முழுப் பண்டத்தின் வயதைத் தீர்மானிக்கிறது. தேவாலயக் குழுக்களும் பெற்றோர் சங்கங்களும் தொகுத்த சமையல் ஏடுகளின் வழியே, கைமாறிக் கைமாறி, இப்பண்டம் அந்தப் பத்தாண்டில் அமெரிக்கா முழுவதும் பரவியது.

1980கள் ஹாலோவீன் வரலாற்றில் மற்றொரு காரணத்தாலும் நினைவுகூரத்தக்கவை. அயலார் கொடுக்கும் இனிப்பில் நஞ்சும் சவரத்தகடும் இருக்கும் என்ற அச்சம் 1960களின் இறுதியிலிருந்து வளர்ந்து வந்தது. 1974-இல் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு சிறுவன் ஹாலோவீன் மிட்டாய்த்தூளிலிருந்த சயனைடால் இறந்தான். கொன்றவர் அயலார் அல்லர். காப்பீட்டுப் பணத்துக்காக அவனுடைய தந்தை ரொனால்ட் ஓ’பிரயனே அதைச் செய்தார் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1982-இல் சிகாகோ பகுதியில் கடையில் வாங்கிய டைலினால் மாத்திரைகளில் கலந்திருந்த சயனைடால் ஏழு பேர் இறந்தனர். அடுத்த சில வாரங்களில் வந்த ஹாலோவீன் பேரச்சத்தோடு கழிந்தது. மருத்துவமனைகள் குழந்தைகளின் இனிப்புப் பைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க முன்வந்தன.

இந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டா என்று சமூகவியலாளர்கள் ஜோயல் பெஸ்ட், ஜெரால்ட் ஹொரியூச்சி ஆகியோர் செய்தித்தாள்களில் வெளியான சம்பவங்களைத் திரட்டி ஆராய்ந்தனர். 1985-இல் வெளியான அவர்களது கட்டுரையின் முடிவு தெளிவானது. வீடு தேடி வந்த குழந்தைக்கு முன்பின் அறியாத ஒருவர் இனிப்பில் நஞ்சிட்டுக் கொன்றதாக உறுதிப்பட்ட நிகழ்வு ஒன்றுமில்லை. புகார்களுள் பல புரட்டு. சமூகத்தின் பொதுவான கவலைகளே, குறிப்பாகக் குழந்தைகளின் பாதுகாப்பையும் அயலார் மீதான நம்பிக்கையையும் பற்றிய கவலைகளே, இத்தகைய நகர்ப்புறத் தொன்மமாக வடிவெடுத்தன என்பது அவர்கள் விளக்கம்.

தொன்மம் பொய், அதன் விளைவுகள் மெய். வீட்டில் செய்த பண்டம் கதவருகிலிருந்து மறைந்தது. சோளப்பொரி உருண்டையையும் ஆப்பிளையும் பெற்றோர் குப்பையில் எறிந்தனர். நிறுவன முத்திரையோடு தனித்தனியே உறையிட்ட மிட்டாய் மட்டுமே நம்பத்தக்கதாயிற்று. அண்டை வீட்டுக் கையைவிடத் தொலைதூரத் தொழிற்சாலை தூய்மையானது என்ற முடிவுக்கு ஒரு சமூகமே வந்து சேர்ந்தது. டைலினால் நஞ்சு கடையில் விற்ற பொருளில்தான் இருந்தது என்பதுகூட அம்முடிவைத் தடுக்கவில்லை.

மண் கோப்பை பரவிய சூழல் இது. அச்சமே அதைப் பிறப்பித்தது என்று காரண காரியத் தொடர்பு காட்டுவது மிகையாகும். ஆனால் அதற்கு வாய்த்த இடத்தை இச்சூழலே விளக்குகிறது. கதவருகில் இடமிழந்த ‘கையால் செய்தல்’ வீட்டு விருந்துக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் ஒதுங்கியது. அங்கே செய்பவர் யார் என்று அனைவரும் அறிவர். பயன்படும் ஒவ்வொரு பொருளும் முத்திரை உடையாத பொட்டலத்திலிருந்து வருகிறது. கொதிக்கும் பாகும் கூரிய கத்தியும் இல்லாததால் குழந்தைகளே செய்யலாம். வீட்டுப் பண்டத்தின் அன்பையும் தொழிற்சாலைப் பண்டத்தின் பாதுகாப்பையும் ஒருங்கே கோரிய தலைமுறைக்கு இதைவிடப் பொருத்தமான இனிப்பு கிடைத்திருக்காது.

‘எளிது’ என்ற சொல் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். 1980களில் சிறு குழந்தைகளை உடைய அமெரிக்கத் தாய்மாருள் வேலைக்குச் செல்வோர் பெருகினர். பள்ளி விழாவுக்கு இருபத்தைந்து குழந்தைகளுக்கான பண்டம் செய்து அனுப்பும் கடமையோ அவர்களிடமே நின்றது. பொட்டல உணவுக்கும் அமெரிக்கப் பெண்களுக்கும் இடையிலான உறவை ஆராய்ந்த லாரா ஷப்பிரோ, உழைப்பைக் குறைத்தாலும் ‘நானே செய்தேன்’ என்ற உணர்வைப் பொட்டலம் முற்றிலும் பறித்துவிடக் கூடாது என்பதை உணவு நிறுவனங்கள் நன்கறிந்திருந்ததைக் காட்டுகிறார். மண் கோப்பை அந்த அளவை மிகச் சரியாக எட்டியது. சமைக்க ஏதுமில்லை, அடுக்கவும் அலங்கரிக்கவும் நிறைய உண்டு. உழைப்பு சமையலிலிருந்து கற்பனைக்கு இடம்பெயர்ந்தது.

இனி இதன் நடுவே நிற்கும் கேள்வி: இந்தக் கல்லறை யாருடையது? மரணத்தை உண்ணும் பண்டமாக்குவது அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியில் இந்நாளை ஒட்டி ‘இறந்தோர் எலும்பு’ என்ற பெயருடைய பிஸ்கட் உண்டு. மெக்சிகோவில் இறந்தோர் நாளுக்கு எலும்பு வடிவம் பதித்த ரொட்டியும் சர்க்கரையில் வார்த்த மண்டையோடும் செய்கின்றனர். அம்மண்டையோட்டின் நெற்றியில் ஒரு பெயர் எழுதியிருக்கும். இறந்த உறவினரின் பெயராகவும் இருக்கலாம், வாங்குபவரின் பெயராகவும் இருக்கலாம். வீட்டுப் படையல் மேடையில், இறந்தவரின் படத்துக்கு முன், அவருக்குப் பிடித்த உணவோடு அது வைக்கப்படும். 2008-இல் யுனெஸ்கோ மனிதகுல மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்த வழக்கம் அது. ஆன்ம அடையும் குறிப்பிட்ட வீட்டின் குறிப்பிட்ட ஆன்மாக்களுக்கானது. கல்லறைத் திருநாளின் மெழுகுவத்தி பெயர் பொறித்த கல்லின் முன்பே எரிகிறது.

புட்டிங்கின் நடுகல்லில் பெயரில்லை. ‘அமைதியில் உறங்குக’ என்பதன் முதலெழுத்துகள் மட்டுமே உள்ளன. உறங்குபவர் ஒருவரும் இல்லை. மேற்கத்தியச் சமூகங்களில் 20-ஆம் நூற்றாண்டில் மரணம் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு அகற்றப்பட்டு, பேசத்தகாத ஒன்றாகியது என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஆரியெஸ் 1970களில் வாதிட்டார். உண்மையான இடுகாட்டுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லத் தயங்கும் சமூகம், பெயரற்ற இடுகாட்டை இனிப்பாக்கிக் குழந்தைகளின் கையில் கொடுத்தது என்பது அவ்வாதத்துக்குப் பொருந்தி வருகிறது. இறந்தவருக்காகக் கொடுத்த உணவு, இறந்தவரே இல்லாத கல்லறையாயிற்று.

எனினும் இதை வெறும் வீழ்ச்சியின் கதையாக முடிப்பது முறையாகாது. மண்ணில் புதைத்தலும் புழு அரித்தலும் மரணத்தைப் பற்றி மனிதர் அறிந்த மிகப் பழைய, மிகக் கடினமான உண்மைகள். பளபளப்பான பெட்டிகளும் உடல்பதனமும் அமெரிக்கச் சவ அடக்கத்திலிருந்து மறைத்துவிட்ட அவ்வுண்மைகளை இக்கோப்பை மறைக்கவில்லை. எட்டு வயதுக் குழந்தை கரண்டியால் மண்ணைத் தோண்டிப் புழுவை எடுத்துச் சிரித்தபடி உண்கிறது. தன்னைப் பின்னாளில் உண்ண இருப்பதை அது முந்திக்கொண்டு உண்கிறது. நெற்றியில் தன் பெயர் எழுதிய சர்க்கரை மண்டையோட்டைக் கடிக்கும் மெக்சிகோக் குழந்தையின் துணிவிலிருந்து இது வெகுதொலைவில் இல்லை. அத்துணிவைத் தாங்கிப் பிடிக்கும் படையலும் பெயரும் வேண்டுதலும்தாம் இங்கு இல்லை.

ஓரியோ 2011 முதல் இந்தியக் கடைகளில் விற்பனைக்கு உண்டு. பெருநகர வணிக வளாகங்களிலும் சில பள்ளிகளிலும் ஹாலோவீன் வேடங்கள் தென்படுகின்றன. ஜெலட்டினை விலக்குவோர் அகர் எனப்படும் கடற்பாசியால் புழு செய்துகொள்ளலாம். முட்டையில்லாக் கஸ்டர்ட் இங்கே நெடுநாள் பழக்கம். பொருள்களைப் பொறுத்தவரை இப்பண்டம் இந்தியாவுக்கு வருவதில் தடை ஏதுமில்லை. ஆனால் ஆண்டுதோறும் இறந்தோர்க்குப் பெயர் சொல்லிப் படைத்து, பிறகே தாம் உண்ணும் பழக்கம் சமய வேறுபாடின்றிப் பல வீடுகளில் உயிரோடிருக்கும் நாடு இது. அவ்வீட்டுக் குழந்தை ஒன்று பிஸ்கட் நடுகல்லைக் கையில் வாங்கி, இது யாருடைய கல்லறை என்று கேட்கக்கூடும். இடைக்காலத்தில் ஆன்ம அடையை வாங்கிய சிறுவனிடம் அக்கேள்விக்கு விடை இருந்தது.